ஓசிப் படத்துக்கு 18,640 ரூபா அழுதேன், கடலூர் ஆளுங்க கொஞ்சம் படிங்க

கோவத்துல டைப் பண்றேன், பிழை இருந்தா கண்டுக்காதீங்க. சனிக்கிழமை நைட்டு 18,640 ரூபா போச்சு. வீட்டம்மா சீட்டு எடுத்து பொண்ணு ஸ்கூல் பீஸுக்குன்னு என் அக்கவுண்ட்ல போட்டு வச்சிருந்த பணம்.

பாண்டியிலேர்ந்து மாமனார் வந்திருந்தாரு, மாப்ள புதுப்படம் ஏதாவது போடுங்களேன்னாரு. நாலு பேரும் தியேட்டருக்குப் போனா ஆட்டோ, பாப்கார்ன்னு ஆயிரத்த தாண்டும்னு என் புத்தி கணக்கு போட்டுச்சு. டெலிகிராம் குரூப் ஒண்ணுல லிங்க் கிடந்துச்சு, அமுக்குனா ஒரு சைட்டு. சும்மா சொல்லக்கூடாது, படம் ஓடுச்சுங்க! பத்து நிமிஷம் பளிச்சுனு, சவுண்டு கூட சுத்தமா. அங்கதான் நான் விழுந்தேன், ஏமாத்துறவனா இருந்தா படத்த எதுக்குக் காட்டப்போறான்னு நெனச்சேன். அப்புறம் நின்னுடுச்சு. மிச்சம் பாக்க இந்த பிளேயர போடுங்கன்னு ஒரு ஏபிகே ஃபைல் (பிளே ஸ்டோர் இல்லாம நேரா போன்ல ஏத்துற ஆப்பு) இறங்குச்சு. இது ஆபத்தான ஆப்புன்னு போனே சொல்லுச்சு, நான்தான் பரவால்லன்னு அமுக்குனேன். எஸ்எம்எஸ் படிக்க பர்மிஷன் கேட்டுச்சு, குடுத்தேன். வயசு வெரிபிகேஷனுக்கு 1 ரூபா, டெபிட் கார்டு நம்பர் போடுங்கன்னுச்சு. ஒத்த ரூபாதானேன்னு அதையும் போட்டுத் தொலைச்சேன்.

நைட்டு ஒண்ணே முக்காலுக்கு 9,990, அடுத்த ரெண்டு நிமிஷத்துல 8,650. நான் தூங்குறேன், எனக்கு வர்ற ஓடிபி அவனுக்குப் போவுது. காலைல பாத்தா அந்த ஆப்போட ஐகானே ஸ்கிரீன்ல இல்ல.

குரூப் அட்மினுக்கு மெசேஜ் போட்டேன், "ப்ரோ அது எங்க லிங்க் இல்ல ப்ரோ"ன்னுட்டு பிளாக் பண்ணிட்டான். பேங்க் கஸ்டமர் கேர்ல ஒண்ண அமுக்கு ரெண்ட அமுக்குன்னு இருவத்தஞ்சு நிமிஷம், கடைசில லைன் கட்டு. திங்கக்கிழமை பிராஞ்சுக்குப் போனா, கார்டு நம்பர நீங்கதானே சார் போட்டீங்க, எழுதிக் குடுத்துட்டுப் போங்கங்கிறாங்க, நிமிர்ந்து கூட பாக்கல. அவங்களுக்கு அது ஒரு பேப்பரு, எனக்கு 18,640 ரூபா. ஸ்டேஷன்ல ஏட்டய்யா, சைபர் கிரைம் ஹெல்ப்லைன் நம்பர் 1930க்கு உடனே போன் அடிச்சிருந்தா பணம் கை மாறுறதுக்குள்ள நிறுத்தி வைக்க வாய்ப்பு இருந்திருக்கும், ஒன்றரை நாள் என்ன பண்ணீங்கன்னு கேட்டாரு. பதில் இல்ல. 2023ல சட்டத்த திருத்திட்டாங்க, திருட்டுப் படம் எடுத்து ஏத்துறவனுக்கு 3 மாசத்துலேர்ந்து 3 வருஷம் ஜெயில், அபராதம் 3 லட்சத்துலேர்ந்து ஆரம்பம்னும் சொன்னாரு. சரி சார், அவன் எங்க இருக்கான்னு யாருக்குத் தெரியும்?

இதுல வயித்தெரிச்சல் என்னன்னா நான் போடுற ரீசார்ஜ்லயே ஓடிடி ஃப்ரீயா இருக்காம், பக்கத்து வீட்டுத் தம்பி காட்டுனான். நெறைய படம் ஒரு மாசம் ரெண்டு மாசத்துல ஓடிடிக்கு வந்துடுது. பழைய படம்னா யூடியூப்ல கம்பெனிக்காரங்களே அவங்க சேனல்ல போட்டிருக்காங்க, தூர்தர்ஷன்காரங்களோட வேவ்ஸ் ஆப்பு வேற இருக்கு.

விவரமா எழுதணும்னுதான் உக்காந்தேன், டூட்டிக்கு நேரமாச்சு. ஏபிகே எவன் அனுப்புனாலும் போடாதீங்க. எஸ்எம்எஸ் பர்மிஷன் கேட்டா குடுக்காதீங்க. 1 ரூபான்னாலும் கார்டு நம்பர் போடாதீங்க. பணம் போனா மொதல்ல 1930, இல்லன்னா சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன், பேங்கெல்லாம் அப்புறம். பீஸ் கட்ட வெள்ளிக்கிழமை கடைசி நாளு, வீட்டம்மா இன்னும் என்கூட பேசல.