'ஹவ் டு ஸ்பீக்': ஓசியில் கிடைக்கிற ஒரு மணி நேர வகுப்பு

கூட்டத்தின் முன் எப்படிப் பேசுவது என்று அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகப் பேராசிரியர் பேட்ரிக் வின்ஸ்டன் 40 வருடமாக நடத்திவந்த வகுப்பு இது. 2018 ஜனவரியில் எடுத்த பதிவு, அவர் இறந்த 2019ஆம் ஆண்டின் கடைசியில்தான் யூடியூபுக்கு வந்தது. கான்ஃபரன்ஸில் பேசப் போகிற பிஎச்டி மாணவர்கள் பார்த்துவிட்டுப் போங்கள் என்பேன், ஆனால் சொன்னதையெல்லாம் அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம்.

ஸ்லைடு பற்றிய பகுதிக்காகவே பார்க்கலாம். அடைசலான ஒரு ஸ்லைடைக் காட்டி, பின்னணிப் படத்தை எடுக்கிறார், எழுத்தைக் குறைக்கிறார், லோகோவைத் தூக்குகிறார், தலைப்பும் வேண்டாம் அதை நீங்களே வாயால் சொல்லிவிடலாம் என்று அதையும் எடுத்துவிடுகிறார். எழுத்தின் அளவு 40க்குக் குறையக் கூடாதாம். சின்ன எழுத்து வைப்பதே நிறையத் திணிக்கத்தானே! லேசர் பாயின்டரைக் கையில் எடுத்தால் கூட்டத்துக்கு முதுகைக் காட்டுவோம், அதற்குப் பதில் ஸ்லைடிலேயே ஒரு அம்புக்குறி போட்டுவிடு என்கிறார். அவருடைய மாணவர் ஒருவர் பாதி விஷயத்தை ஸ்லைடில் எழுதி, மீதியை வாயால் மட்டும் சொல்லிப் பார்த்தாராம். எழுதியதுதான் கேட்டவர்கள் மனதில் நின்றது. அதில் ஒருவர், நீங்கள் இவ்வளவு பேசியிருக்க வேண்டாம், தொந்தரவாக இருந்தது என்று வேறு சொல்லியிருக்கிறார். இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்?

வேலைத் தேர்வின்போது நம் ஆய்வைப் பற்றிக் கொடுக்கும் டாக் (உரை) பற்றிச் சொல்வதும் உருப்படியானது: என்ன பிரச்சினை, அதில் நீ என்ன செய்திருக்கிறாய், இரண்டும் முதல் 5 நிமிடத்துக்குள் தெரிந்துவிட வேண்டும். கடைசி ஸ்லைடில் உன் பங்களிப்புகள் இருக்கட்டும், கேள்வி நேரம் முழுக்க அதுதானே திரையில் நிற்கும்.

கரும்பலகையைப் பற்றி அவர் பாடும் புராணம் எனக்கு ஒட்டவில்லை. பாடம் நடத்த அது சரி. 12 நிமிட டாக்கில் சாக்பீஸைத் தேடவே நேரம் போய்விடும். அப்புறம், 'நன்றி' சொல்லி முடிக்காதே என்கிறார். அவர் கூட்டத்துக்கு ஒரு சல்யூட் வைத்து முடிக்கிறார், அவருக்கு அது எடுபடுகிறது. முன்வரிசையில் கைடு உட்கார்ந்திருக்கும்போது நன்றி சொல்லாமல் இறங்க எனக்குத் தைரியம் கிடையாது.

1.5 வேகத்தில் மட்டும் ஓட்டாதீர்கள். கேள்வி கேட்டுவிட்டு 7 விநாடி காத்திரு என்று ஓர் இடத்தில் சொல்கிறார், அது எவ்வளவு நீளம் என்பது சாதாரண வேகத்தில்தான் தெரியும்.