500 வாட்ஸ் ஸ்டிக்கரை நம்பிய கதை: ஆர்டிஎக்ஸ் 3060உடன் மூன்று வருடம்

என் பழைய கேபினெட்டோடு சேர்ந்தே வந்த எஸ்எம்பிஎஸ் அது, அதாவது கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் பெட்டி. பக்கவாட்டில் கொட்டை எழுத்தில் 500 என்று போட்டிருக்கும். கேம் ஆட ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு வாங்கியபோது அதைத்தான் நம்பினேன். கார்டு இழுப்பது 170 வாட்ஸ், ரைசன் 5 5600 ப்ராசஸர் முழு வேகத்தில் 76 வாட்ஸ், மதர்போர்டு, ரேம், ஃபேன் எல்லாம் சேர்ந்து ஒரு 50. மொத்தம் 300க்குள். தாராளம் என்று தோன்றியது.

கார்டுக்கு 8 பின் கனெக்டர் வேண்டும். என் எஸ்எம்பிஎஸ்ஸில் இருந்ததோ ஒரே ஒரு 6 பின். கடைக்காரர் 6 பின்னை 8 பின்னாக்கும் ஒரு கன்வெர்ட்டரைக் கொடுத்து, "இதப் போட்டா ஓடும் சார்" என்றார். ஓடியது, டெஸ்க்டாப் வரைக்கும். கேம் திறந்து நாலைந்து நிமிடத்தில் பட்டென்று அணைந்துவிடும். நீலத் திரை இல்லை, எச்சரிக்கை இல்லை. விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்ற ஒற்றை வரி மட்டும், அதாவது முறையாக ஷட்டவுன் ஆகாமல் அணைந்தது என்று. டிரைவர் மாற்றினேன், விண்டோஸ் மறுபடி போட்டேன். ஒரு வாரம் வீண்.

கடைசியில் நாலு ஸ்க்ரூ கழற்றி எஸ்எம்பிஎஸ்ஸை வெளியே எடுத்தபோதுதான் உள்பக்கம் ஒட்டியிருந்த அட்டவணை கண்ணில் பட்டது. 12 வோல்ட் லைனுக்கு 17 ஆம்ப். பன்னிரண்டால் பெருக்கினால் 204 வாட்ஸ், அவ்வளவுதான். கார்டும் ப்ராசஸரும் பசியாறுவது பெரும்பாலும் இந்த 12 வோல்ட்டில்தான். மிச்சமெல்லாம் 3.3, 5 வோல்ட் லைன்களின் கணக்கு, இந்தக் காலத்து கம்ப்யூட்டருக்கு அதில் பெரிய வேலை இல்லை. கேபிளும் உதைத்தது. மதர்போர்டு ஸ்லாட் தருவது 75 வாட்ஸ், 6 பின் தருவது 75. இரண்டும் சேர்ந்தாலே 170 வராது. கன்வெர்ட்டர் கனெக்டரின் வடிவத்தை மாற்றும், வாட்ஸைக் கூட்டாது. நல்லவேளை, எதுவும் உருகவில்லை.

பிறகு வாங்கியது 550 வாட்ஸ். 12 வோல்ட்டில் மட்டும் 45 ஆம்ப், அதாவது 540 வாட்ஸ். 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரையும் உண்டு. ஆனால் அந்த முத்திரை எவ்வளவு மின்சாரம் வீணாகிறது என்பதற்கான சான்று மட்டுமே, கார்டைத் தாங்குமா என்பதற்கு அல்ல. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். மூன்று வருடத்தில் ஒருமுறைகூடத் தானாக அணையவில்லை. கேம் ஓடும்போது சுவர் பிளக்கில் மீட்டர் வைத்துப் பார்த்தால் 290, 300 காட்டும்.

நான் யோசிக்காமல் விட்டது யுபிஎஸ். என்னுடையது 600 விஏ, வாட்ஸில் 360தான். மானிட்டரும் அதிலேயே. கேம் நடுவில் கரண்ட் போனால், பழைய பேட்டரி ஒரு கூவல் கூவிவிட்டுப் படுத்துவிடும். அப்புறம் 1000 விஏ வாங்கினேன். மே மாத வெயிலில் மட்டும் கார்டின் பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்கு இறக்கிவிடுவேன். கேமில் பெரிய வித்தியாசம் தெரியாது, அறைச் சூடு கொஞ்சம் குறையும்.

போன வாரம் அக்கா மகன் கேட்டான்: "மாமா, என் எஸ்எம்பிஎஸ் 500 வாட்ஸ், 3060 போடலாமா?" உள்பக்க ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து அனுப்புடா என்றேன். ஸ்க்ரூடிரைவர் தேடிக்கொண்டிருக்கிறானாம்.