அரசு தொடக்கப் பள்ளியும் பெற்றோரும்: ஐந்தாண்டுப் பயன்பாட்டு அனுபவம்

கொரோனா முடக்கத்திற்குப் பிறகு 2021 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டில் தொடக்க வகுப்புகள் மீண்டும் திறக்கப்பட்டபோது, என் மகள் எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் முதல் வகுப்பில் உட்கார்ந்தாள். இப்போது ஐந்தாம் வகுப்பை முடிக்கவிருக்கிறாள். இந்த ஆண்டுகளில் பள்ளியிலிருந்து வீட்டுக்கும் வீட்டிலிருந்து பள்ளிக்கும் செய்தி போய்வர வாட்ஸ்அப் குழு, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம், மாலையில் தெருவிலேயே பாடம் சொல்லித்தரும் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர், காலை உணவு சமைக்கும் தாய்மார்கள் எனப் பல வழிகள் இருந்தன. ஒரு தாயாக இவை அனைத்தையும் தொடர்ந்து பயன்படுத்தியதில் எது உண்மையில் உதவியது, எது யாரை எட்டவில்லை என்பதை எழுதுகிறேன். பிள்ளையை அரசுப் பள்ளியில் சேர்க்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும், ஏற்கெனவே சேர்த்துவிட்டு வாசலோடு நின்றுவிடுபவர்களுக்கும் இது பயன்படக்கூடும்.

எல்லோரும் முதலில் கேட்பது வாட்ஸ்அப் குழுவைப் பற்றித்தான். தொடக்கத்தில் எங்கள் பள்ளியின் அறிவிப்புகள் தட்டச்சு செய்த கடிதத்தின் படமாக வந்தன. எங்கள் ஊரில் பல தாய்மார்களுக்குச் சரளமாக வாசிக்க வராது. படம் வரும், பார்ப்பார்கள், அடுத்த நாள் காலையில் பள்ளி வாசலில் நின்று பக்கத்தில் இருப்பவரிடம் விவரம் கேட்பார்கள். பிறகு வகுப்பாசிரியை ஒருவர் அறிவிப்பைத் தம் குரலிலேயே பேசி அனுப்பத் தொடங்கினார். குடற்புழு நீக்க மாத்திரை கொடுக்கும் நாளுக்கு முந்தைய மாலை அவர் அனுப்பிய பதிவு இன்னும் என் கைபேசியில் இருக்கிறது. "பிள்ளைங்களை வெறும் வயித்தோட அனுப்பாதீங்க. மாத்திரையைக் கடிச்சு மென்னு சாப்பிடணும், நாங்க பக்கத்துல இருந்து பார்த்துக்குவோம். காய்ச்சல் இருந்தா மட்டும் டீச்சர்கிட்ட சொல்லுங்க, அன்னிக்குக் கொடுக்க மாட்டோம்." ஒரு நிமிடம்கூட ஆகாத அந்தப் பேச்சு, மாத்திரைக்குப் பயந்து பிள்ளையை வீட்டில் நிறுத்திவைக்கும் வழக்கத்தைக் கணிசமாகக் குறைத்தது. அதே குழுவில் காலை வணக்கப் படங்களும் யாரோ அனுப்பிய வதந்திகளும் குவிந்து, தேர்வு தேதி அவற்றுக்கடியில் புதைந்துபோன காலமும் உண்டு. ஆசிரியர்கள் மட்டுமே செய்தி இடும்படி குழுவை மாற்றிய பிறகுதான் அது பயனுள்ளதாயிற்று. ஆனால் அதோடு பெற்றோர் பதில் சொல்லும் வழியும் அடைபட்டது. ஒவ்வொரு பெற்றோரும் ஆசிரியரைத் தனியே அழைக்கலாம் என்றாலும், கூச்சமில்லாமல் அழைப்பவர்கள் சிலரே.

பிள்ளையின் படிப்பைப் பற்றிய செய்தி இன்னும் நுட்பமானது. 2022-23 கல்வியாண்டில், அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் கற்பிக்கும் எண்ணும் எழுத்தும் திட்டம் முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்தபோது, பிள்ளைகளை அவர்களுடைய கற்றல் நிலையைக் கொண்டு அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தார்கள். "எத்தனை மார்க்கு, எத்தனாவது ரேங்க்" என்று கேட்டுப் பழகியிருந்த எங்களுக்கு "உங்க பாப்பா மொட்டு நிலையில இருக்கா" என்ற பதில் எதையும் விளங்க வைக்கவில்லை. அதை விளங்க வைத்தது ஒரு மாலை வேளையில் ஆசிரியை செய்த சிறு காரியம். பயிற்சி நூலைப் பிரித்து, என் மகளை எனக்கு எதிரிலேயே ஒரு பத்தி வாசிக்கச் சொன்னார். "கொடி" என்பதை "கோடி" என்றும், "தோடு" என்பதை "தொடு" என்றும் அவள் வாசித்தாள். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் அவளுக்குப் பிரிந்து தெரியவில்லை என்பதைப் பென்சிலால் வட்டமிட்டுக் காட்டிவிட்டு, பேருந்து நிறுத்தத்திலும் கடைவாசலிலும் உள்ள பலகைகளில் இந்த இரண்டு எழுத்துகளை மட்டும் அவளைத் தேடச் சொல்லுங்கள் என்றார். அப்படித்தான் செய்தோம், அந்தப் பருவம் முடிவதற்குள் சரியாகிவிட்டது. மதிப்பெண் பட்டியல் எதுவும் எனக்கு அந்த அளவுக்கு உதவியதில்லை. வீட்டில் என்ன செய்யலாம் என்பதைச் சேர்த்துச் சொல்லாத முன்னேற்ற அறிக்கையால் பெற்றோருக்குக் கவலை மட்டுமே மிஞ்சும் என்பது என் உறுதியான கருத்து.

இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலராக வந்த எங்கள் தெருப் பெண்ணும் இதே வகையில் உதவினார். மாலை வகுப்பு முடிந்து பிள்ளைகளை வீட்டில் விடும்போது, அன்று என்ன வந்தது, எது வரவில்லை என்று திண்ணையில் நின்றபடி சொல்லிவிட்டுப் போவார். காலை உணவுத் திட்டமும் யாரும் எதிர்பாராத ஒரு வழியைத் திறந்தது. 2023 ஆகஸ்ட் 25 அன்று அத்திட்டம் மாநிலம் முழுவதும் உள்ள அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்டது. எங்கள் பள்ளியில் சமைப்பவர்கள், இங்கேயே படிக்கும் பிள்ளைகளின் தாய்மார்களான மகளிர் சுய உதவிக் குழுவினர். விடியற்காலையிலிருந்து பள்ளிக்குள் இருக்கும் அவர்களுக்கு, எந்தப் பிள்ளை கிச்சடியைத் தொடவில்லை, யார் இரண்டு நாளாக வரவில்லை என்பது ஆசிரியருக்கு முன்பே தெரிந்துவிடுகிறது.

இவை எல்லாவற்றையும் விட நான் மதிப்பது பள்ளி மேலாண்மைக் குழுவை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2022இல் இக்குழுக்கள் 20 உறுப்பினர்களுடன் மறுகட்டமைக்கப்பட்டன. 2024இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து உறுப்பினர் எண்ணிக்கை 24 ஆனது. தலைவர், அப்பள்ளியில் படிக்கும் ஒரு பிள்ளையின் தாய். எங்கள் குழுவின் தொடக்கக் கூட்டங்களில் பெரிய டீச்சர் பேசுவார், நாங்கள் தலையசைத்துக் கையெழுத்திடுவோம். அது மாறியது ஒரு தாழ்ப்பாளால். தன் மகள் பள்ளியில் தண்ணீரே குடிப்பதில்லை, கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் உடைந்திருப்பதால் மாலை வரை அடக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடி வருகிறாள் என்று ஒரு தாய் எழுந்து சொன்னார். தலைமையாசிரியைக்கு அது தெரிந்திருக்கவில்லை. எந்தப் பிள்ளையும் அவரிடம் சொல்லவில்லை. வெல்டிங் வேலை செய்யும் ஒரு தந்தை மறுநாளே வந்து தாழ்ப்பாள் வைத்துக் கொடுத்தார். அந்தக் கூட்டத்திற்குப் பிறகு பெண்கள் பேசத் தொடங்கினார்கள். சாலையோரச் சுற்றுச்சுவர் பற்றிய தீர்மானத்தைக் கிராம சபை வரை கொண்டு சென்றோம். சுவர் இன்னும் வரவில்லை, நாங்களும் கேட்பதை நிறுத்தவில்லை.

எங்கள் பள்ளியில் தீராமல் இருப்பது நேரச் சிக்கல். கூட்டம் வெள்ளிக்கிழமை பிற்பகலில் நடக்கிறது. நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் போகும் பெண்களுக்கு அதில் கலந்துகொள்வது என்றால் அன்றைய கூலியை விடுவதாகும். தந்தையர் வருவது இன்னும் அரிது. அதைவிடக் கடினமானது, பெற்றோர் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட, பாட்டியிடம் வளரும் பிள்ளைகளின் நிலை. அந்தப் பாட்டிகளிடம் இருப்பது பொத்தான் கைபேசி. வாட்ஸ்அப் குழுவில் வரும் எதுவும் அவர்களைச் சேராது. பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நாள்தோறும் பள்ளிக்கு வருபவர்களும் அவர்களே என்பதால், அறிவிப்புகளை வாசலிலேயே வாய்மொழியாகச் சொல்லும் பொறுப்பை மேலாண்மைக் குழு உறுப்பினர்கள் முறைவைத்து ஏற்றிருக்கிறோம். பருவத்துக்கு ஒரு முறையாவது கூட்டத்தை மாலை ஆறு மணிக்கு வைக்க வேண்டும், வெளியூரில் இருக்கும் பெற்றோரை அந்நேரத்தில் அழைத்துப் பிள்ளையைப் பற்றிப் பேச வேண்டும் என்ற தீர்மானமும் பதிவேட்டில் ஏறிவிட்டது. ஆசிரியர்கள் தொலைவிலிருந்து வருபவர்கள், கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்கள். அன்று அவர்களை ஊருக்குக் கொண்டுவிட வண்டி ஏற்பாடு செய்வதாகப் பெற்றோர் சிலர் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் அதற்கான தேதியை முடிவு செய்யவிருக்கிறோம்.