பெட்டியில் 600, அடியில் 360

யூபிஎஸ் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

மகன் வீடியோ எடிட்டிங் செய்கிறான். அவனுடைய கணினி, திரையும் சேர்த்து, முழு மூச்சில் ஓடும்போது 400 வாட்டுக்கு மேல் இழுக்கும். இதைச் சொல்லித்தான் கடையில் கேட்டேன். கடைக்காரர் அட்டைப்பெட்டியில் பெரிதாக இருந்த 600-ஐ விரலால் தட்டிக் காட்டி, "600 வாட், சார். அரை மணி நேரம் தாராளமாக நிற்கும்" என்றார். கூடவே, மின்னழுத்தம் திடீரென எகிறினால் கருவிகளைக் காக்கும் என்று சொல்லி, 650 ரூபாய்க்கு ஒரு ஸ்பைக் கார்டையும் (spike guard) தலையில் கட்டினார். பில் கேட்டால் ஜிஎஸ்டி கூடுதலாகுமாம். துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் கிறுக்கிக் கொடுத்தார். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் கரண்ட் போனது. யூபிஎஸ் ஒரு முறை கத்தியது, அவ்வளவுதான். திரை இருண்டது. நான்கு மணி நேர வேலை போயிற்று.

கவிழ்த்துப் பார்த்தேன். 600 என்பது விஏ, அதாவது வோல்ட்-ஆம்பியர்; யூபிஎஸ் உண்மையில் எவ்வளவு சுமை தாங்கும் என்பதைச் சொல்வது வாட். அது அடியில் எறும்பு எழுத்தில்: 360 வாட். மகனின் கணினி இழுப்பதோ 400-க்கு மேல். அரை மணி நேரமும் கட்டுக்கதைதான்: உள்ளே இருந்தது 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி. பெருக்கினால் 84 வாட்-மணி. 360 வாட் சுமைக்குக் காகிதக் கணக்கிலேயே 14 நிமிடம்தான்; நடைமுறையில் அதில் பாதி கிடைத்தாலே பெரிது.

சந்தேகம் வந்துவிட்டதால் ஸ்பைக் கார்டையும் திருகு கழற்றித் திறந்தேன். ஒரு சுவிட்ச், ஒரு ஃபியூஸ், மூன்று பித்தளைப் பட்டைகள். மின்னழுத்தம் எகிறும்போது அதைத் தன் மேல் வாங்கிக்கொள்ளும் வேரிஸ்டர், சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வில்லை, இருந்திருக்க வேண்டும். இல்லை. எர்த் பட்டையில் கம்பியே பற்றவைக்கப்படவில்லை. சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குப் பெயர் மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

திருப்பிக் கொடுக்கப் போனேன். "600 என்றேன், 600 கொடுத்தேன். அதைத் திறந்தது நீங்கள்தானே?" என்றார், கல்லாவிலிருந்து தலையை நிமிர்த்தாமலே. பில் இல்லாத வாயால் என்ன வழக்குப் பேசுவது?

வேறு கடைக்குப் போனேன். அங்கிருந்த பையனும் "1100, சார்" என்றுதான் ஆரம்பித்தான். பெட்டியைத் திருப்பி 660 வாட் என்று படித்து, பேட்டரி தயாரித்த மாதத்தையும் பார்த்து, ஸ்பைக் கார்டுக்குப் பதில், எவ்வளவு எகிறலைத் தாங்கும் என்று ஜூல் அளவு அச்சிட்ட சர்ஜ் புரொடெக்டராகக் கேட்டு வாங்கிய பிறகுதான் பணத்தை எடுத்தேன். பில்லோடு.