மகளின் முதல் கார்: கொறோலா 121ஆ, நிசான் சனியா?

மகளுக்குச் சாரதி அனுமதிப்பத்திரம் வந்த கிழமையே வீட்டில் கார்ப் பேச்சு தொடங்கிவிட்டது. சுன்னாகத்தில் இருந்து யாழ்ப்பாணம் பத்துக் கிலோமீற்றர்தான். ஆனால் அவளுடைய கணக்கியல் வகுப்பு முடிய இரவு ஏழு மணி தாண்டும். மாதத்தில் இரண்டு தரம் அம்மம்மாவைப் போதனா வைத்தியசாலைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக வேண்டும். அம்மம்மா ஸ்கூட்டியில் ஏறமாட்டா. ஆகவே நாலு கதவும், கால் நீட்ட இடமும், ஒரு டிக்கியும் உள்ள கார்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில் திறந்துவிட்டபோது வரி எட்டாத உயரத்தில் இருந்தது. அதனால் பழைய கார்களின் விலை நாங்கள் எதிர்பார்த்தபடி இறங்கவில்லை. எங்கள் கைக்குள் வந்தவை எல்லாம் இருபது வயதைத் தொட்டவை, அதாவது மகளை விட மூத்தவை. ரொயோட்டா கொறோலா 121, நிசான் சனி (Sunny) எஃப்பி15, ஹொண்டா சிவிக் ஈஎஸ், மிற்சுபிசி லான்சர் சிஎஸ் என்று நாலு பெயர் பட்டியலில் நின்றன. நாங்கள் 121 எடுத்தோம். எடுத்து எட்டு மாதம் ஆகிறது. ஆகவே நடுநிலையாக எழுதுகிறேன் என்று சொல்லமாட்டேன்.

லான்சரை நான் ஓட்டியதில்லை, ஒருமுறை பின் சீற்றில் இருந்து பார்த்ததுதான். அதற்கு மேல் அதைப்பற்றிப் பேச எனக்கு உரிமை இல்லை. சிவிக் அழகான கார், உள்ளே தளம் சமமாக இருப்பதால் பின்னுக்கு மூன்று பேர் வசதியாக இருக்கலாம். ஆனால் ஜப்பானில் இருந்து வந்த ஓட்டோ சிவிக்குகள் பலவற்றில் இருப்பது சிவிரி (CVT), அதாவது படிப்படியாக மாறாத ஓட்டோ கியர்பெட்டி. வயது போகப் போக, நின்று புறப்படும் நேரத்தில் நடுங்கத் தொடங்குவது அதன் தெரிந்த வியாதி. அதற்கென்று உள்ள எண்ணெயைத்தான் விடவேண்டும். முன்னைய சொந்தக்காரர் எதை விட்டார் என்று யாருக்குத் தெரியும்? மகளின் முதல் காருக்கு அந்தச் சந்தேகம் வேண்டாம் என்று விட்டோம்.

அப்புறம் மிஞ்சியது சனியும் 121உம்.

சனியைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. 1998 முதல் 2004 வரை ஜப்பானில் செய்த கார் அது. 1300, 1500 என்று இரண்டு எஞ்சினும் எங்கள் ஊரில் ஓடுகின்றன. ஸ்ரேரிங் இலேசு, சின்ன ஒழுங்கைகளில் திருப்ப வசதி, ஏசி நல்ல குளிர். நாங்கள் பார்த்த சனிக்கும் 121க்கும் இடையில் ஐந்து லட்சத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தது. ஐந்து லட்சம் சின்னக் காசு இல்லை. கணவர் கடைசிவரை சனியின் பக்கம்தான் நின்றார்.

பெற்றோல் கணக்கில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு எஞ்சினிலும் காலத்துக்குக் காலம் மாற்றவேண்டிய ரைமிங் பெல்ற் இல்லை, செயின்தான். மறுவிற்பனையில் 121 முன்னுக்கு நிற்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

நான் 121க்கு இறங்கியதற்குக் காரணம் ஒன்றே ஒன்று. கார் நின்றுபோனால் எத்தனை நாள் நிற்கும்?

ஏழு வருடத்துக்கு முன் எங்கள் வீட்டில் வேறொரு கார் நின்றது, இந்த நாலிலும் சேராதது. அதற்கு வாட்டர் பம்ப் போய்விட்டது. யாழ்ப்பாணத்தில் சாமான் இல்லை. தெரிந்த பெடியன் கொழும்பில் பஞ்சிகாவத்தைக் கடைகளில் தேடி எடுத்து இரவு பஸ்ஸில் போட்டுவிட்டான். விடிய நாலு மணிக்குப் போய் எடுத்து வந்து பூட்டப் பார்த்தால், ஆணித் துளை பொருந்தவில்லை. திருப்பி அனுப்பி, மற்றது வர, பதினேழு நாள். கார் முருங்கை மரத்துக்குக் கீழே பூவும் தூசியும் மூடிக் கிடந்தது. அந்தப் பதினேழு நாளும் அம்மாவை ஓட்டோவில்தான் கிளினிக்குக்குக் கொண்டுபோனேன்.

எங்கள் கராஜ்காரர் அன்று சொன்னது மனதில் நின்றுவிட்டது. “ரீச்சர், கார் எண்டால் பழுதாகும்தானே. சாமான் எங்க கிடக்குது எண்டதைத்தான் பார்க்கவேணும்.”

இந்த முறை வாங்குவதற்கு முன்பே அதைப் பார்த்தேன். வாட்டர் பம்ப், முன் சொக்கப்சோபர், லோவர் ஆம், ஒல்ரனேற்றர், பக்கக் கண்ணாடி, முன் லைற் என்று ஆறு சாமான்களைக் கடதாசியில் எழுதிக்கொண்டு ஒரு சனிக்கிழமை யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியில் மூன்று கடை ஏறி இறங்கினேன். 121 என்று சொன்னவுடன், “ஒரிஜினலோ, தாய்வானோ, ஜப்பான் பாவிச்சதோ?” என்று கேட்டார்கள். ஆறும் அன்றே எடுக்கலாம், மூன்று விலையில். சனிக்கு நாலு சாமான் கையில் இருந்தது, இரண்டுக்கு “நாளையிண்டைக்கு வாங்கோ அக்கா.” சிவிக்குக்குப் பாதிக்கு மேல் கொழும்புக்குச் சொல்லவேண்டும் என்றார்கள். நான் போன மூன்று கடையின் கணக்குத்தான் இது. ஆனால் இதை யாரும் அரைநாளில் செய்து பார்க்கலாம். கார் பார்க்கப் போவதற்கு முதல் செய்தால் இன்னும் நல்லது.

121க்குச் சாமான் ஏன் இப்படிக் கிடைக்கிறது? அதன் 1500 எஞ்சின், 1என்இசட் என்பது, அலியன், பிரிமியோ, அக்சியோ 141, புரோபொக்ஸ் என்று எத்தனையோ ரொயோட்டாக்களில் இருக்கிறது. ஒரு காருக்கு வரும் சாமான் இன்னொன்றுக்கும் விலைப்படும் என்பதால் கடைக்காரர் பயமில்லாமல் வாங்கி வைக்கிறார். கராஜ் பாஸ்மாருக்கும் கை பழகிய எஞ்சின்.

யாழ்ப்பாணத்துச் சனம் இப்படி யோசிப்பதில் புதுமை இல்லை. அப்பாவிடம் ஒஸ்ரின் ஏ40 இருந்தது. பொருளாதாரத் தடைக் காலத்தில் காபரேற்றருக்குள் ஒரு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓடினார். அந்த ஒஸ்ரினை ஓடவைத்தது ஊருக்குள்ளேயே கிடைத்த சாமானும், அதைக் கண்ணைக் கட்டிக்கொண்டு பூட்டத் தெரிந்த கைகளும்தான்.

சரி, 121 என்று முடிவெடுத்தாலும் எந்த 121 என்பது வேறு கதை. ஐந்து கார் பார்த்தோம்.

முதலில் ரேடியேற்றர். எங்கள் நிலம் சுண்ணாம்புக் கல், கிணற்றுத் தண்ணீர் கடினமானது. கேத்திலுக்குள் வெள்ளையாகப் படிவது போலவே ரேடியேற்றருக்குள்ளும் படியும். எஞ்சின் ஆறிக் கிடக்கும் காலை நேரத்தில் போய் மூடியைத் திறந்து பாருங்கள். சூட்டில் திறந்தால் முகத்தில் அடிக்கும். நாங்கள் பார்த்த இரண்டாவது கார் வெளியே கண்ணாடி மாதிரி மினுங்கியது. மூடியைக் கழற்றினால் கழுத்தைச் சுற்றி வெள்ளைப் பொருக்கு, விரல் நகத்தால் சுரண்ட உதிர்ந்தது. வருடக்கணக்கில் கிணற்றுத் தண்ணீர். அப்படியான எஞ்சின் சூடேறி, அதன் மேல்பாகத்தை அடைத்து நிற்கும் ஹெட் காஸ்கெற் போகும் வரைக்கும் வெளியே ஒன்றும் தெரியாது. தண்ணீருக்குப் பதிலாக விடும் கூலன்ற் நிறம் மாறாமல் நின்ற காரைத்தான் கடைசியில் வாங்கினோம்.

அடுத்தது கறள். பண்ணைப் பாலத்தால் தீவுப்பக்கம் தினம் போய்வந்த கார் என்றால் இரட்டிப்புக் கவனம் வேண்டும். டிக்கிக்குள் ஸ்பெயார் ரயரைத் தூக்கி அடியைப் பார்க்கவேண்டும், பின் சில்லு வளைவின் உள்விளிம்பைத் தடவவேண்டும். துணி சுற்றிய சின்னக் காந்தத்தை வைத்தால், ஒட்டாத இடத்தில் புட்டி போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

மூன்றாவது, பிள்ளை ஓட்டும் கார் என்பதால் நான் விடாமல் பார்த்த விசயம், எயார்பேக். 2000க்குப் பிந்திய பல ஜப்பான் கார்களில் தகாதா நிறுவனத்தின் எயார்பேக் இருந்தது. வெக்கையிலும் ஈரத்திலும் பல வருடம் கிடந்தால் அதன் ஊதுபொறி கெட்டு, விரியும்போது உலோகத் துண்டுகளைச் சிதறவிடும். உலகம் முழுவதும் திருப்பி அழைத்த அந்தக் கார்களில் கொறோலா, சிவிக் வகைகளும் நிசான் கார்களும் உண்டு. எங்கள் காலநிலை எப்படி என்று சொல்லத் தேவையில்லை. சேசிஸ் இலக்கத்தைக் கொடுத்து அந்தக் காருக்கு மாற்றவேண்டி இருக்கிறதா என்று முகவரிடம் கேட்டுவிட்டுத்தான் மகளின் கையில் திறப்பைக் கொடுத்தேன். இந்த விசயத்தில் 121ஐ விட்டுக்கொடுத்துத்தான் பேசவேண்டும்: புதிய கார்களில் உள்ள பாதுகாப்பு இதில் இல்லை. சடுதியாகப் பிறேக் பிடித்தாலும் சில்லு இறுகாமல் காக்கும் ஏபிஎஸ் உள்ளதாகப் பார்த்து எடுத்தோம், அவ்வளவுதான் முடிந்தது.

வாகனப் பதிவுப் புத்தகத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இன்னும் நிற்கிறதா, சேசிஸ் இலக்கம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதை நான் சொல்லத் தேவையில்லை.

எட்டு மாதத்தில் செலவு: லோவர் ஆம் புஷ் இரண்டு, முன் பிறேக் பாட், ஒரு பற்றறி. லோவர் ஆம் வேலைக்கு மட்டும் கார் கராஜில் ஒரு பகல் நின்றது. காலை எட்டரைக்கு விட்டு, வகுப்புக்குப் போகும் நேரத்துக்கு எடுத்துவிட்டாள். ஊர் ஓட்டத்தில் லீற்றருக்குப் பதினொரு கிலோமீற்றர் போகிறது, ஏசியைத் தொடர்ந்து போட்டால் பத்து. அதற்கு மேல் பழகிப் பார்க்க இன்னும் காலம் வேண்டும். கியர்பெட்டி எப்படி முதுமை அடையும் என்பதை எட்டு மாதத்தில் சொல்ல முடியாது.

121க்குக் காசு காணாது என்றால் கடன்பட்டு அதற்குப் போகவேண்டாம். 1300 சனி, மனுவல் கியர், ஒரே ஆளின் கையில் நின்றது கிடைத்தால் எடுங்கள். மிஞ்சும் காசில் ஒரு லட்சத்தைச் சாமானுக்கென்று தனியே வையுங்கள். அதற்கும் காலையிலேயே போய் ரேடியேற்றர் மூடியைத் திறந்து பாருங்கள்.