பழைய பாக்ஸ்டர்: பார்ட்ஸ் பில் பரவாயில்லை, லேபர் பில்தான் கடிக்கிறது

என்னிடம் இருப்பது போர்ஷே பாக்ஸ்டர் 986. 1996 முதல் 2004 வரை தயாரான முதல் தலைமுறை வண்டி. செகண்ட் ஹேண்டில் வாங்கிப் பல வருடமாக ஓட்டுகிறேன். அதன் ஸ்டீயரிங்கையும் எஞ்சின் சத்தத்தையும் புகழ்ந்து ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், எல்லாம் உண்மைதான். நான் எழுத வந்தது சர்வீஸ் பில்லைப் பற்றி, அதிலும் லேபர் என்று போட்டிருக்கும் வரியைப் பற்றி.

ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் பார்ட்ஸ் விலைதான் பயமுறுத்தும் என்று வாங்கும் முன் பலரும் நினைக்கிறார்கள். வழக்கமான சர்வீஸைப் பொறுத்தவரை அப்படி இல்லை. ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், பெல்ட் இவையெல்லாம் சாதாரண வண்டிக்குச் செய்து தரும் கம்பெனிகளிடமிருந்தே வருகின்றன. விலை கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். அந்தப் பாகம் இருக்கும் இடத்துக்குக் கை போய்ச் சேரும் வரை ஓடும் நேரத்துக்குத்தான் நாம் பணம் கொடுக்கிறோம்.

ஸ்பார்க் பிளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பாக்ஸ்டரில் முன்னால் திறந்தாலும் டிக்கி, பின்னால் திறந்தாலும் டிக்கி. எஞ்சின் சீட்டுக்குப் பின்னால் நடுவில் ஒளிந்திருக்கிறது. பின் டிக்கியில் ஆயில் ஊற்றும் வாயும் கூலன்ட் மூடியும்தான் கண்ணில் படும். எஞ்சினோ படுத்த வாக்கில் இருக்கும் ஆறு சிலிண்டர், பக்கத்துக்கு மூன்று. பிளக்கெல்லாம் இரு பக்கமும் கீழே இருக்கின்றன. வண்டியை லிஃப்டில் ஏற்றி, பின் சக்கரங்களைக் கழற்றி, பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயில் ஒவ்வொன்றையும் எடுத்து, சில இடங்களில் கண்ணால் பார்க்காமல் கைத்தடவலிலேயே ஸ்பானரை நுழைக்க வேண்டும். மாஸ்டா எம்எக்ஸ்-5-ம் இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார்தான். ஆனால் அதில் பானெட்டைத் திறந்தால் நான்கு பிளக்கும் எஞ்சின் தலைமேல் வரிசையாக நிற்கும். ஆகவே லேபருக்கும் பிராண்டுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. டொயோட்டா 86, சுபாரு பிஆர்இசட் இரண்டிலும் எஞ்சின் முன்னால்தான், ஆனாலும் படுத்த எஞ்சின் என்பதால் பிளக்குக்கும் சேஸிஸுக்கும் நடுவே இருக்கும் இடுக்கில் மெக்கானிக் திண்டாடத்தான் வேண்டும்.

அடுத்தது கணக்கு போடும் விதம். பெரும்பாலான ஒர்க்‌ஷாப்பில் கடிகாரத்தைப் பார்த்து லேபர் போடுவதில்லை. இந்த வேலைக்கு இத்தனை மணி நேரம் என்று கையேட்டில் ஒரு கணக்கு இருக்கும். அதைத் தங்கள் மணிநேர ரேட்டால் பெருக்கிப் போடுவார்கள். கைதேர்ந்தவர் சீக்கிரம் முடித்துவிட்டால் லாபம் அவர்களுக்கு, துருப்பிடித்த போல்ட் ஒன்று முறிந்தால் தலைவலி பெரும்பாலும் நமக்கு. இதில் அநியாயம் எதுவும் இல்லை. ஆனால் மொத்தத் தொகையை மட்டும் கேட்டு வைத்துக்கொண்டால் இரண்டு ஒர்க்‌ஷாப்பை ஒப்பிடவே முடியாது. எத்தனை மணி நேரம், மணிக்கு என்ன ரேட் என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். நான் அப்படிக் கேட்க ஆரம்பித்த பிறகு தெரிந்தது, பெரிய ஷோரூம் மாதிரியான இடத்துக்கும் இந்த வகை வண்டி மட்டுமே பார்க்கும் சின்ன ஒர்க்‌ஷாப்புக்கும் மணிக்கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ரேட்தான் ரொம்ப வித்தியாசம். அந்தச் சின்ன இடத்திலும் ஸ்கேனர் இருக்கிறது, கையேடு இருக்கிறது. காத்திருப்பவர்களுக்குச் சோஃபா மட்டும் இல்லை.

பணம் அதிகம் வீணாகிற இடம் ஒரே பகுதியைத் திரும்பத் திரும்பக் கழற்றுவதுதான். கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும், லேபரில் முக்கால்வாசி அதற்கே போய்விடும். கியர்பாக்ஸும் கிளட்சும் ஃப்ளைவீலும் இறங்கிவிட்டால் எஞ்சினின் பின்பக்கம் ஆயில் கசியாமல் தடுக்கும் சீல் கண்ணெதிரே நிற்கும். இந்தத் தலைமுறை எஞ்சினில் அதிகம் பேசப்படும் இன்டர்மீடியட் ஷாஃப்ட் பேரிங்கும், அதாவது எஞ்சினுக்குள் வால்வுகளை இயக்கும் ஷாஃப்டுகளுக்குச் சுழற்சியைக் கடத்தும் தண்டைத் தாங்கும் பேரிங்கும், அங்கேதான் இருக்கிறது. அது போனால் எஞ்சினையே கொண்டுபோய்விடலாம் என்பதால், கிளட்ச் மாற்றும்போதே அதையும் மாற்றிவிடுவது இந்த வண்டி வைத்திருப்பவர்களிடையே வழக்கம். 986-இல் எஞ்சினைப் பிரிக்காமலே அதை எடுத்துவிடலாம். அடுத்த தலைமுறையில் 2006 முதல் 2008 வரையான மாடல்களில் பெரிய பேரிங் போட்டார்கள், ஆனால் அதை எடுக்க எஞ்சினைப் பிரித்தே ஆக வேண்டும். 2009 மாடலில் வந்த புது எஞ்சினில் அந்த ஷாஃப்டே கிடையாது.

இந்த மூன்று வேலையையும் சேர்த்துச் செய்ய ஓர் இடத்தில் எஸ்டிமேட் கேட்டேன். கிளட்சுக்கு முழு நேரம், சீலுக்கு முழு நேரம், பேரிங்குக்கு முழு நேரம். கியர்பாக்ஸை மூன்று தடவை இறக்கி ஏற்றுவது போல ஒரு கணக்கு! "ஒரு தடவைதானே சார் இறக்கப்போகிறீர்கள்?" என்று கேட்டதும் சிரித்துக்கொண்டே திருத்திக் கொடுத்தார்கள். கேட்காதவர் கொடுத்திருப்பார். பெல்ட், வாட்டர் பம்ப் கதையும் இதேதான். சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பலகையை எடுத்தால்தான் பெல்ட் தெரியும். அதை எடுத்த கையோடு அங்கே இருக்கும் மற்றதையும் பார்த்துவிட வேண்டும்.

இதை விடக் கொடுமையெல்லாம் உலகத்தில் உண்டு. ஃபெராரி எஃப்355-இல் டைமிங் பெல்ட், அதாவது வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் பெல்ட், மாற்ற எஞ்சினையே வெளியே இறக்குவார்கள். 1999-இல் வந்த 360 மொடேனாவில் சீட்டுக்குப் பின்னால் ஒரு வழி வைத்தார்கள். அதற்கடுத்த எஃப்430-இல் பெல்ட்டுக்குப் பதில் செயின் வந்து அந்தச் செலவே ஒழிந்தது. ஒரு பெல்ட்டுக்காக எஞ்சினை இறக்கும் வண்டி மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், ஏன் மலிவு என்பது இப்போது புரிந்திருக்கும். வண்டிக்கு வயதாக ஆக விலை இறங்குகிறது, கழற்றி மாட்டும் மணிக்கணக்கு மட்டும் அப்படியே நிற்கிறது.

சுலபமான வேலைகளும் இருக்கின்றன என்பதைச் சொல்லாவிட்டால் வண்டிக்கு அநியாயம். ஆயில் எட்டு லிட்டருக்கு மேல் பிடிக்கும், அதனால் ஆயில் செலவு அதிகம். ஆனால் டிரெயின் போல்ட்டும் ஃபில்டரும் அடியில் கைக்கு எட்டுகிற இடத்தில் இருப்பதால் லேபர் குறைவாகத்தான் வர வேண்டும். பிரேக் பேட் இன்னும் எளிது. நான்கு பிஸ்டன் காலிப்பரைக் கழற்றவே வேண்டாம், பேடைப் பிடித்திருக்கும் பின்களை உருவிவிட்டுப் பழைய பேடை வெளியே இழுத்துவிடலாம். பல சாதாரண கார்களில் இவ்வளவு வசதி கிடையாது. இதற்கு யாராவது ஸ்போர்ட்ஸ் கார் என்ற பெயரில் பெரிய தொகை போட்டால் நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவேன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயில் மாற்றுவதையும் பேட் வேலையோடு சேர்த்துவிடுகிறேன்.

பிளக்கையும் பெல்ட்டையும் நான் தொடுவதில்லை. ஜாக்கி ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தி, கீழே மல்லாந்து படுத்துக்கொண்டு அந்த வேலை செய்ய எனக்குப் பொறுமை இல்லை. அதற்குக் கொடுக்கும் லேபர் எனக்கு நியாயமாகவே படுகிறது.

இந்த மாடலைத் தேடுபவர்கள் ஓடோமீட்டரை விட முந்தைய உரிமையாளரின் பில் கட்டை உற்றுப் பாருங்கள். கிளட்ச் மாற்றிய பில் இருந்தால், அதே தேதியில் சீலும் பேரிங்கும் மாற்றியிருக்கிறதா என்று தேடுங்கள். கிளட்ச் மட்டும் மாற்றி மற்றதை விட்டிருந்தால், கியர்பாக்ஸை இன்னொரு முறை இறக்கும் கூலியை விலையில் கழித்துப் பேசுங்கள்.