பல்லின் கழுத்தில் பாண்டிங்: குடியாத்தத்தில் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

நிரப்பலைப் பல்லோடு பிணைக்கும் ஒட்டுமருந்தான பாண்டிங்கின் தரத்தை எடைபோட ஈறோரத் தேய்மானத்தைவிடக் கடுமையான இடம் வேறில்லை. பல்பொடியை ஆண்டுக்கணக்கில் அழுத்தித் தேய்த்த பலர் அங்கே ஆப்பு வடிவப் பள்ளத்தோடு குடியாத்தத்தில் என்னிடம் வருகிறார்கள். இயற்கையான பிடிமானம் எதுவும் இல்லாத அந்தப் பள்ளத்தில் காம்போசிட் என்னும் பல்நிற நிரப்பல் நிற்பதும் விழுவதும் பாண்டிங்கைப் பொறுத்ததே.

எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு கனிமமான எனாமல் என்னும் பல்லின் வெளி அடுக்கில் ஒட்டுவது, 1955-இல் அமெரிக்கப் பல் மருத்துவ ஆய்வாளர் பியூனோகோர் அதன் பரப்பைப் பாஸ்பாரிக் அமிலத்தால் சொரசொரப்பாக்கிக் காட்டிய நாளிலிருந்தே நம்பகமானது. எனாமலுக்கு அடியிலுள்ள டென்டினிலோ கொலாஜன் என்னும் புரத இழைகளும் நீரும் மிகுதி. அமிலம் வெளிப்படுத்திய கொலாஜனுக்குள் பாண்டிங்கின் பிசினான ரெசின் முழுமையாக ஊடுருவாவிட்டால், நீரும் பல்லிலேயே உள்ள நொதிகளும் அந்த இணைப்பைச் சிறிதுசிறிதாகச் சிதைக்கின்றன. இந்நொதிகளைக் கட்டுப்படுத்த 2 விழுக்காடு குளோர்ஹெக்சிடின் என்னும் கிருமிநாசினியைத் தடவும் முறைக்கு ஆய்வகத்தில் கிடைத்த பலன், நோயாளியின் வாயில் அதே அளவுக்குத் தெரிவதில்லை என்பதால் அதை நான் வழக்கமாக்கவில்லை.

பற்களின் கால்சியத்தோடு வேதிப்பிணைப்பு கொள்ளும் 10-எம்.டி.பி. என்னும் வேதிப்பொருள் கலந்த, அமிலம் வைத்த பரப்பிலும் வைக்காத பரப்பிலும் பயன்படும் யுனிவர்சல் பாண்டிங்கையே தொடர்ந்து பயன்படுத்துகிறேன். 37 விழுக்காடு அமிலத்தை எனாமல் விளிம்பில் மட்டும் 15 விநாடி வைத்துக் கழுவிவிட்டு, மருந்தை டென்டினில் 20 விநாடி விடாமல் தேய்த்து, படலத்தில் அலைவு அடங்கும்வரை மெல்லிய காற்றால் கரைப்பானை வெளியேற்றிய பிறகே ஒளி பாய்ச்சுகிறேன். அவசரத்தில் முதலில் பலியாவது இந்தக் காற்றூதும் வேலைதான். தங்கிவிட்ட கரைப்பான் ரெசினை முழுமையாக இறுக விடாது. ஈறிலிருந்து கசியும் ஈரத்தை பல்லைச் சுற்றி விரிக்கும் ரப்பர் தாளான ரப்பர் டேமோ, ஈறை விலக்கும் நூலோ கொண்டு தடுக்காமல், எவ்வளவு விலையுயர்ந்த மருந்தை வைத்தாலும் பயனில்லை என்பதே என் உறுதியான கருத்து.

வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் மாதங்களில், முன்கூட்டியே தட்டில் ஊற்றி வைத்த சொட்டு தடவுவதற்குள் கெட்டியாகிவிடுகிறது. ஆதலால் பயன்படுத்தும் நேரத்தில் மட்டுமே சொட்டை எடுத்து, புட்டியை உடனே மூட வேண்டும்.

முதியோரின் பளபளப்பான, இறுகிய டென்டினில்தான் இம்மருந்து எனக்கு இன்னும் முழுத் திருப்தி தரவில்லை. நுண்குழல்கள் கனிமத்தால் அடைபட்ட அந்தப் பரப்பை பர் என்னும் சுழலும் கருவிமுனை கொண்டு லேசாகச் சொரசொரப்பாக்கிய பின்னரே பாண்டிங் தடவுகிறேன். விளிம்பில் பின்னாளில் தோன்றும் பழுப்புக் கோடு பெரும்பாலும் மெருகேற்றினால் போய்விடுகிறது; அதற்காக முழு நிரப்பலையும் பெயர்த்தெடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.